பாலம் தாண்டும் கோடு

ஜூன் 3, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். ஜூலை பதினொன்றாம் தேதி அப்பாவுக்குப் பீமரத சாந்தி. எழுபது வயது. "நீ ஒண்ணும் வாங்கிட்டு வரவேண்டாம். வெறுங்கைய வீசிக்கிட்டு வா" என்றாள். நான் என்றைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு போயிருக்கிறேன்? அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தல்காரரிலிருந்து பாயசத்து முந்திரிப் பருப்பு வரை பெங்களூரில் உட்கார்ந்தபடியே ஏற்பாடு செய்தவள் நான்.

ஆபீசில் ரெஜினா மேசைக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறாள். கறுப்புப் பின்னணி, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். ஏதோ மாடர்ன் ஆர்ட் என்று நினைத்திருந்தேன். அவள் ஊர் கோழிக்கோட்டின் மேப்பாம். ஒரு வெப்சைட்டில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அதுவே வரைந்து கொடுக்கிறது. நிறம் மாற்றலாம், கீழே பெயர் போடலாம், ஃப்ரேம் போட்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் உட்கார்ந்து திருநெல்வேலி என்று தட்டினேன். அடேயப்பா! நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிப் பெட்டி போட்ட மாதிரி நாலு ரத வீதி. ஜங்ஷனில் தண்டவாளங்கள் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. நடுவில் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மீனாட்சிபுரம், எங்கள் தெரு. கருநீலப் பின்னணி, தங்க நிறத் தெருக்கள் என்று தேர்ந்தெடுத்தேன். நான் அத்தான் என்று கூப்பிடுகிற என் கணவர் எட்டிப் பார்த்து, "பேப்பர் கடைக்காரன் குடுக்கிற காலண்டர்ல இதைவிட நல்ல படம் இருக்கும்" என்றார். அவருக்கு ரசனை என்ற சாமானை அவர் அம்மா வைத்துப் பெறவில்லை.

ஜூன் 5, வியாழன்

அந்த வெப்சைட்டில் இன்னொரு வித்தை இருக்கிறது. நாம் நடந்த பாதையின் ஃபைலை ஏற்றினால் மேப்பின் மேல் அதைத் தனி நிறத்தில் கோடாகப் போடுகிறது. மலை ஏறுகிறவர்கள், மாரத்தான் ஓடுகிறவர்கள் செய்துகொள்கிறார்களாம். பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. அப்பாவின் வாட்ச்!

போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது நான்தான் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். அப்பாவுக்குப் பாஸ்வேர்டு எதுவும் நிற்காது. அதனால் என் மெயிலிலேயே கணக்கு. தினமும் எத்தனை அடி நடந்தார், நெஞ்சுத் துடிப்பு எவ்வளவு, எல்லாம் என் போனுக்கு வரும். சாயங்காலம் கூப்பிட்டு, "நேத்து ஏழாயிரத்து நூறு. முந்தாநாள் மாதிரி இல்லையே, ஏன்?" என்று கேட்பேன். அப்பா, "இன்ஸ்பெக்டர் அம்மா வந்தாச்சு" என்று சிரிப்பார். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பரிசோதனை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

தினமும் காலை ஆற்றோரமாகக் குறுக்குத்துறை முருகன் கோயில் வரை நடந்து, கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு வருகிறார். ஒரு வருஷத்து நடையும் முருகன் கோயிலுக்குப் போகும் தடிமனான ஒரு கோடாக, சுவரில். எழுபதாவது பிறந்தநாளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதையெல்லாம் யோசிக்க வீட்டில் நான் ஒருத்திதான். மூத்தவள் ஒருத்தி இருந்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். இனி அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். நான் எடுத்ததில்லை. டைரியில்கூட எழுதியதில்லை. போனதற்கு மறுவருஷம் ஒரே ஒரு தடவை வந்தாள், வீடு பூட்டியிருந்தது, திரும்பிவிட்டாள். அத்தோடு சரி.

ஜூன் 6, வெள்ளி

முந்நூற்றுப் பன்னிரண்டு ஃபைல். எல்லாவற்றையும் ஏற்றினேன்.

முருகன் கோயில் பக்கம் ஒரு நூல்கூடப் போகவில்லை.

எல்லாக் கோடும் வீட்டிலிருந்து கிளம்பி, ஆற்றுப் பாலம் ஏறி, அந்தப் பக்கம் கொக்கிரகுளத்தில் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, அங்கே ஒரு இடத்தில் மொத்தையாக நிற்கின்றன. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மெஷின் கோளாறாக இருக்கும். ஃபைல் மாறியிருக்கும்.

ஜூன் 7, சனி

ஃபைல் மாறவில்லை. பாலத்தைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கள் வீட்டு வாசல்கூடச் சரி.

ஆறு மணிக்குக் கிளம்புகிறார். ஆறரைக்கு அந்தச் சந்து. ஏழேகாலுக்குத் திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் போவதில்லை, சாயங்காலம் நாலு மணிக்குப் போகிறார். அப்படியென்றால் உளுந்த வடை. எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஆற்றைத் தாண்டிப் போய் வடை தின்கிறார். ஆனால் வடை தின்ன முக்கால் மணி நேரமா?

போன் போட்டேன். "அப்பா, இன்னைக்குக் கோயில்ல கூட்டமா?"

"செவ்வா வெள்ளிதான்மா கூட்டம். இன்னைக்கு ஏகாந்தமா தரிசனம். ஒனக்கும் சேத்துக் கும்பிட்டேன்."

ஒரு நொடி தயக்கம் இல்லை. டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் சொல்லும் பொய்யை முப்பத்திரண்டு வருஷம் கேட்டவர் அல்லவா, நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

மனசில் ஒன்று வந்தது. எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். வேறொரு பெண்.

எழுபது வயதில்! அதுவும் என் அப்பா. நேற்று முழுக்க இதே நினைப்பு. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அத்தான் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

இன்று மதிய இடைவேளையில் இணையத்தில் அந்தச் சந்தின் படத்தைத் தேடினேன். தெருத் தெருவாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களே, அதில். கிடைத்தது. கோடு மொத்தையாக நிற்கிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி. குழந்தைகள் ஓட்டும் சின்ன சைக்கிள் ஒன்று, ரோஸ் நிறம். நிலைக்கு மேலே மரச் சிலுவை.

அந்தப் பக்கம் வேதக்காரர்கள் நிறைய. அதற்கென்ன.

ஜூன் 10, செவ்வாய்

மேப்பைத் திறக்கவில்லை. மகன் அகிலனின் பள்ளிச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தேன். அலமாரி இரண்டு தட்டும் ஒழுங்குபடுத்தினேன். கொத்தமல்லித் தொக்கு அரைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

வேலையை முடித்துவிட்டேன். மேப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் ஆற்றோடு படம் முடிந்துவிடுகிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஃப்ரேமுக்கு வெளியே. நாலு ரத வீதியும் நன்றாக நடுவில் வருகின்றன. வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு சின்னக் கோடு. காலை நடைக்கு அது போதும்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 14, சனி

இன்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி. அப்பா கடைக்குப் போயிருந்த நேரம்.

"அம்மா, அப்பா காலையில எங்க போறாங்க?"

"முருகன் கோயிலுக்குத்தான். ஏன்?"

"கொக்கிரகுளத்துல ஒரு ஓட்டு வீட்டுக்குப் போறாங்க. ஒரு வருஷமா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா அடுப்பை அணைக்கவில்லை.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்டாள்.

"அங்க யாரும்மா இருக்கா?"

"ஒனக்குத் தெரியாதாக்கும். பிள்ளைக்குச் சடை பின்னி, வேன் ஏத்திவிட்டுட்டு வாராவ. அவ ஏழு மணிக்கே வேலைக்கு ஓடணும். ஒரு வருசம் இல்ல வடிவு. ஆறு வருசம்."

சடை பின்னுகிறாரா? என் அப்பாவா? எனக்கு ஒரு நாள்கூடப் பின்னியதில்லை. அவருக்கு ரிப்பன் கட்டத் தெரியும் என்றே இன்றைக்குத்தான் தெரியும். போனை வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தானிடம் வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருஷம்! பெயரை எடுக்கக் கூடாது என்று சொன்னது யார்? அவர். நான் எடுத்தேனா? என் கல்யாணத்தில் அத்தான் வீட்டுப் பெண்கள், "கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டபோது, "இல்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அகிலன் பிறந்தபோது பிரசவ வலியில் வாய் தவறிக் கூப்பிட வந்ததைக்கூட விழுங்கினேன். சட்டம் போட்டவர் பாலம் ஏறிப் போய்ச் சடை பின்னுவாராம், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் பெங்களூரில் உட்கார்ந்து அவர் அடிகளை எண்ணுவாளாம். இளிச்சவாய் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

ஆத்திரம் அடங்காமல் அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். அகிலன் பிறந்து நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்த சமயம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அப்போது ஆஸ்பத்திரி வார்டில் அவளைக் கட்டிக்கொண்ட அந்த ஜெபசிங்தான் நர்ஸாம். தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளாமல் ஏழு நாள் பார்த்துக்கொண்டானாம். எட்டாவது நாள் அவள் வந்து கட்டில் அருகே நின்றாளாம்.

"அன்னைக்கே எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. ஏன் மறைச்சீங்க? நான் என்ன பேயா?"

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவ ஏழு மாசப் பிள்ளத்தாச்சியா நம்ம வீட்டுக்கு வந்தாளே வடிவு. அன்னைக்கு நானும் அப்பாவும் தென்காசிக்குப் போயிருந்தோம். வீட்ல நீதான் இருந்த."

போனை வைத்துவிட்டேன். வைக்கவில்லை, கையிலிருந்து விழுந்தது.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன்.

வீடு பூட்டியிருக்கவில்லை. பூட்டியிருந்ததாகச் சொன்னது நான். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டார்கள் என்பதால் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

நான்தான் கதவைத் திறந்தேன். நல்ல வெயில். அவள் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு காகிதப் பை. "அம்மா இருக்காளா?" என்றாள். வளைகாப்புப் போட அவளுக்கு யாரும் இல்லை. அவளே டவுனில் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். "அம்மா கையால ரெண்டு வளையல் போட்டா போதும். உள்ளகூட வரல, வாசல்லயே நிக்கேன்" என்றாள்.

எனக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். தெருவே பார்க்க இவள் இந்த வயிற்றோடு வந்து நிற்கிறாளே என்று எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "அம்மா உள்ளதான் இருக்கா. ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டாளாம். போகச் சொல்லுதா" என்றேன்.

அம்மா தென்காசியில் இருந்தாள்.

அவள் உள்ளே பார்த்து, "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பதில் வரவில்லை. எப்படி வரும்? நான் கதவைச் சாத்தினேன்.

இதை இவ்வளவு நாள் எங்கேயும் எழுதவில்லை. எழுதிவிட்டு இரண்டு தடவை கையைக் கழுவினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் அவர்கள் மூன்று பேரும் அதைப் பேசியிருப்பார்கள். அம்மா, "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லையேட்டி" என்று சொல்லியிருப்பாள். ஆறு வருஷமாக அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்குப் போனபோது அதிரசத்தை என் தட்டில் வைத்தார்களே, அப்போதும் தெரியும். அப்பா, "இன்ஸ்பெக்டர் அம்மா" என்று சிரித்தாரே, அப்போதும்.

ஜூன் 18, புதன்

அம்மாவே கூப்பிட்டாள். அழுதுவிடுவேனோ என்று பயந்து அதட்டலாகப் பேசினேன்.

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ சண்ட போட்டுட்டு வராம இருந்திருவ. ஒன் கோவம் எங்களுக்குத் தெரியாதா? ஒருத்தியத் தொலைச்சுத் திரும்ப எடுக்கதுக்குள்ள எங்களுக்குப் பாதி உசுரு போச்சு. இன்னொருத்தியையும் தொலைக்கத் தெம்பு இல்லட்டி."

பீமரத சாந்திக்கு அவள் வருவாளா என்று கேட்டேன். அம்மா வார்த்தையை மென்று விழுங்கினாள். பிறகு அதுவும் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை நானும் அத்தானும் அகிலனும் சொந்தக்காரர்களும். சனிக்கிழமை நாங்கள் பஸ் ஏறிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டார் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, கலசத்தில் மிச்சம் எடுத்து வைத்த தண்ணீரை அவள் தனியாக ஊற்றிவிட்டுப் போவாள்.

பெற்றவர்களுக்குக் கலசத் தண்ணீர் ஊற்றுவது மூத்த பிள்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அறுபதாம் கல்யாணத்தில் நான்தான் முதலில் ஊற்றினேன். பெருமையாகவே ஊற்றினேன். இந்தத் தடவை மூத்தவளுக்கு மிச்சத் தண்ணீர். எனக்குப் பயந்து என் வீட்டில் விசேஷத்தை இரண்டு ஷிப்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

"அப்பாகிட்ட ஒனக்குத் தெரியும்னு சொல்லிராத. நெஞ்சு தாங்காது" என்றாள் அம்மா.

ஜூன் 24, செவ்வாய்

படம் ஃப்ரேமோடு வந்தது. கருநீலம், தங்கம், கண்ணாடி எல்லாம் பிரமாதம். ஆற்றோடு ஊர் முடிந்துவிடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாசலில் சொன்ன பொய்யையும் சேர்த்து. மனுஷர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "படத்த மாத்தி அனுப்பச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு அவரே தோசை சுட்டார்.

மேப்பை வலது பக்கம் நகர்த்தினேன். பாலம் நடுவில். முந்நூற்றுப் பன்னிரண்டு கோடும் முழுசாக.

ஜூலை 8, செவ்வாய். திருநெல்வேலி

காலையில் அப்பா செருப்பு மாட்டும்போது, "நானும் வாரேன்ப்பா, முருகனப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வாயால் சொல்லட்டும் என்று நினைத்திருக்கலாம். என் குணமே அதுதானே, பிடித்துப் பார்க்காமல் விடமாட்டேன்.

அப்பா முகம் வெளுத்தது. "வா வா" என்றார். முக்கில் பாலத்துப் பக்கமாகத் திரும்பிய காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு குறுக்குத்துறைப் பாதையில் நடந்தார்.

செருப்பை எங்கே விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தினமும் வருகிறவரிடம் அர்ச்சகர், "பேரு, நட்சத்திரம்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். தட்டில் போடச் சில்லறை எடுக்கும்போது போன் அடித்தது. மணி ஆறு நாற்பத்தைந்து. திரையில், "பால்காரர்" என்று வந்தது. கட் செய்தார். மறுபடி அடித்தது.

"எடுங்கப்பா."

"ராங் நம்பர்மா."

அங்கே பின்னாத தலையோடு ஒரு குழந்தை வாசலில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். முருகனுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாவது தடவை போன் அடித்தபோது அப்பாவின் கண் கலங்கியிருந்தது. கற்பூரப் புகை என்றார். நான், "போங்கப்பா, போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திருநீற்றைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் திரும்பினோம்.

ஜூலை 9, புதன்

பத்து மணிக்கு, டவுனுக்குப் போய்ப் பூ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பழம், பத்திரிகை. மேல்துண்டு போட்டு மூடிக்கொண்டேன். போனில் அப்பாவின் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அது போகிற வழியே நடந்தேன். பாலத்தில் காற்று.

ஜெபசிங் கதவைத் திறந்தார். இவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. இரவு டியூட்டி முடிந்து வந்திருக்கிறார் போல, கண் சிவந்திருந்தது. அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"உள்ள வாங்க. மங்கை ஸ்கூல்ல இருக்கா. எல்கேஜி டீச்சர். சாயங்காலந்தான் வருவா."

மங்கை. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் எழுதிவிட்டேன்.

காபி போட்டுக் கொடுத்தார். சுவரில் அப்பா ஒரு சிறுமியோடு ராட்டினத்தில் உட்கார்ந்து சிரிக்கும் போட்டோ. அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தட்டை நீட்டினேன். "வெள்ளிக்கிழமை எல்லாரும் வரணும். ஞாயித்துக்கிழமை இல்ல, வெள்ளிக்கிழமை. மூத்தவதான் மொதல்ல ஊத்தணும்" என்றேன்.

அவர் தட்டில் கை வைக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. இத நான் வாங்கிக்கிட முடியாது. அவதான் வாங்கணும். மேசையில வச்சிட்டுப் போங்க, சொல்லுதேன்" என்றார். வாசல் வரை வந்தார். அங்கே நின்றுகொண்டு, கோபமே இல்லாமல், ஏதோ ஊர் விஷயம் சொல்வது போலச் சொன்னார்.

"அன்னைக்கு நான் ஒங்க தெரு முக்குல ஆட்டோவில இருந்தேன். திரும்பி வந்து ஏறினா. அழல. வளையலயெல்லாம் ஆட்டோக்காரருகிட்டக் குடுத்து, 'ஒங்க மகளுக்குப் போடுங்கண்ணே'ன்னா. அதுக்குப் பெறவு கண்ணாடி வளையல் போட்டதே இல்ல."

பாலத்தில் திரும்பி வரும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சைக்கிள்காரர், "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பூ வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் அப்பாவிடம் படத்தைக் கொடுத்தேன். நாளைக்குக் கூட்டத்தில் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியது.

"ஏ, நம்ம ஊரு!" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் ஜங்ஷனைத் தேடினார். தண்டவாளங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தத் தடிமனான கோடு. விரல் வீட்டிலிருந்து கிளம்பிப் பாலம் ஏறி நடுவில் நின்றது.

"இது என்னதும்மா?"

"ஒங்க வாட்சுப்பா. நீங்க நடக்கிற பாதையெல்லாம் அது எழுதி வைக்கும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அப்பா வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தார். நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அம்மா சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்றாள். பிறகு என் அப்பா, ஒரு பெட்டி நிறையப் பயணிகளை ஒரு பார்வையில் அடக்கியவர், என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"நாளைக்கு ஒருநா பொறுத்துக்கோ வடிவு. சண்ட போடணும்னா பெறவு போடு. அம்மாவுக்காக."

இதைவிட என்னை அவர் நாலு அறை அறைந்திருக்கலாம். இந்த வீட்டில் நான் இப்படித்தான் இருக்கிறேனா? பெற்றவர் கும்பிட்டுக் கெஞ்சுகிற மாதிரியா? அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். எவ்வளவு மெலிந்துவிட்டது.

"அக்காவ விசேஷத்துக்கு நான் போய் அழைச்சிருக்கேன்ப்பா, நேத்து."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"என்ன சொன்னா?"

"வீட்ல இல்ல. தட்ட வச்சிட்டு வந்தேன்."

அப்பா தலையை மெல்ல ஆட்டினார். "வர மாட்டாம்மா. வெள்ளிக்கிழமையே வான்னு நானும் கேட்டேன். 'வடிவு இருக்கிற வாசல்ல இன்னொரு தடவ வந்து நிக்க மாட்டேன்'னு அவதான் சொன்னா."

ஜூலை 11, வெள்ளி

நல்ல நேரம் ஒன்பதே முக்கால் வரை. ஒன்பதேகாலுக்கே அப்பாவையும் அம்மாவையும் மணையில் உட்கார வைத்தாகிவிட்டது. கலசம் தயார். குருக்கள், "மூத்த பிள்ளை யாரு, முன்னால வாங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை என் முதுகில் கை வைத்துத் தள்ளி, குடத்தைக் கையில் கொடுத்தாள்.

நான் நகரவில்லை. "மூத்தவ வரட்டும்" என்றேன். பெரியப்பா மகன் தொண்டையைக் கனைத்தான். அப்பா குனிந்திருந்தார்.

"மூத்தவதான் நீ இருக்கியேம்மா" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. நான் ரெண்டாவது. எங்க அக்கா பேரு மங்கையர்க்கரசி. வருவா."

வருவாள் என்று எனக்கு எந்த நிச்சயமும் இல்லை. ஒன்பது இருபத்தைந்து. ஒன்பது முப்பது. குடம் கனத்தது. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் வாசலைப் பார்த்தேன். அகிலன் சட்டையைப் பிடித்து இழுத்து, "யாரும்மா வரணும்?" என்றான். ஒன்பது முப்பத்தெட்டுக்கு ஆட்டோ சத்தம் கேட்டது.

மங்கை வந்தாள். மஞ்சள் கைத்தறிச் சேலை, காதோரம் நரை. ஜெபசிங் பின்னால். கூட அவர்கள் மகள், அபிஷா. நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட பதினொரு வயதுக் குழந்தை, என் அப்பா தினமும் பின்னிவிடும் இரட்டைச் சடை. மங்கை ஒருவரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த குடத்தை வாங்கினாள். விரல் பட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் முதலில் ஊற்றினாள். அம்மா தலையில் தண்ணீர் இறங்கும்போது அம்மா வாய்விட்டு அழுதாள். அடுத்து நான் ஊற்றினேன். பிறகு அபிஷா, பிறகு அகிலன். அப்பா நனைந்த கையோடு அபிஷாவின் கன்னத்தைத் தொட்டார். அவள் சிரித்தாள். சிரித்தபடியே திரும்பியவள் என்னைக் கண்டாள். இவ்வளவு நெருக்கத்தில் நின்று தன்னையே பார்த்து அழுகிற பெண் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் அம்மாவின் சேலையை இழுத்துக் கேட்டாள்.

"யாரும்மா இவங்க?"

மங்கை அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் யோசித்தாள். தன் மகளுக்கு என்னை என்ன முறை சொல்லிக் காட்டுவது என்று நின்று யோசித்தாள். நான் காத்திருந்தேன். ஒரே ஒரு சொல்தான், சித்தி. சொல்லிவிடு அக்கா, சொல்லிவிடு.

"தாத்தாவோட சின்ன மக" என்றாள்.

அபிஷா நல்ல பழக்கத்தில் வளர்ந்த குழந்தை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்தாள்.

"வணக்கம் ஆன்ட்டி."